குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கான காப்பகம்: இடம், குழந்தைப் பராமரிப்பு, வாடகை வீடு – முழுமையான வழிகாட்டி

வீடிழந்த குடும்பங்களுக்குக் காப்பகம் தொடங்க முன்வரும் குழுக்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் திட்டம் போடுகின்றன. முதலில் இடம், அடுத்து படுக்கை, அடுத்து சாப்பாடு. நிரந்தர வீட்டைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது தன்னார்வலர் கிடைக்காமலா போய்விடுவார்?

இந்தக் கடைசி நினைப்புதான் காப்பகத்தை முடக்கிப்போடுகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்கான நேர்காணலுக்குப் போக முடியாது. இரண்டு வயதுப் பிள்ளையோடு அலுவலக வரிசையில் அரை நாள் நிற்க முடியாது. வாடகை வீடு பார்க்கப் போனாலும், கூட வரும் மூன்று குழந்தைகளைப் பார்த்ததும் உரிமையாளரின் முகம் மாறிவிடுகிறது. குழந்தையை விட்டுப்போக இடமில்லாத காப்பகத்தில் குடும்பங்கள் மாதக்கணக்கில் அப்படியே தங்கிவிடுகின்றன. படுக்கை காலியாவதில்லை, அடுத்த குடும்பத்துக்கு இடம் இல்லை என்று சொல்ல வேண்டிவருகிறது. அதனால் இடம் பார்க்கும்போதே பராமரிப்பு அறைக்கான சதுர அடியை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைத்தான் படுக்கைக்குக் கணக்கிட வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை 20 முதல் 30 பேர் தங்கும் சிறிய காப்பகத்துக்குப் பொருந்தும். காப்பகத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் பெரும்பாலான இடங்களில் தனித்தனி உரிமம் தேவைப்படும். ஒன்றை வாங்கிவிட்டால் மற்றொன்றும் அதிலேயே அடங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள்.

1. சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது

ஒரு குடும்பம் உதவி கேட்டு வந்ததும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இவர்கள் வீட்டை இழந்துவிட்டார்களா, இழக்கப்போகிறார்களா என்பதுதான். இன்னும் இழக்கவில்லை என்றால் காப்பகம் கடைசி வழி. குழந்தைக்குப் பள்ளி மாறும், தூக்கம் கெடும், மருத்துவர் மாறுவார். இரண்டு மாத வாடகைப் பாக்கியைத் தீர்க்க ஆகும் பணம், அந்தக் குடும்பத்தைக் காப்பகத்தில் சில மாதம் வைத்திருக்க ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு வந்திருந்தால் மூன்றைப் பாருங்கள். அறிவிப்பு எழுத்தில் இருக்கிறதா, அதில் என்ன தேதி போட்டிருக்கிறது, நீதிமன்றம் சம்பந்தப்பட்டிருக்கிறதா? பல நாடுகளில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதும் சாமானை வெளியே வைப்பதும் சட்டவிரோதம். இது தெரியாமல் உரிமையாளர் வாய்வார்த்தையாக மிரட்டியதற்கே பயந்து வெளியேறிவிடும் குடும்பங்கள் உண்டு. இலவசச் சட்ட உதவிக்கு உடனே அனுப்புங்கள். விசாரணை தேதி இருந்தால் அன்று ஆள் நேரில் போயே ஆக வேண்டும். போகாவிட்டால் அவர்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடும்.

உறவினர் வீட்டில் சில வாரம் தங்க முடியும் என்றால், அந்த உறவினரிடம் நீங்களே பேசுங்கள். எத்தனை நாள், செலவில் யார் பங்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் அந்த ஏற்பாடு சண்டையில் முடியாமல் நீடிக்கும்.

வீட்டுக்குள் அடி, உதை, மிரட்டல் இருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சமரசப் பேச்சே வேண்டாம். நேரே ஆறாவது பகுதிக்குப் போங்கள்.

2. கட்டடம் எத்தனை பேரைத் தாங்கும்

பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் தர அளவின்படி, ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் (ச.மீ.) கூரையுள்ள வாழிடம் வேண்டும். சமையலும் குளியலும் இந்தக் கணக்கில் சேராது. இதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான அளவு இது, வசதிக்கான அளவு அல்ல. குழந்தை தவழ வேண்டும், பை வைக்க வேண்டும், ஈரத்துணி காய வேண்டும். 4.5 ச.மீ. என்று கணக்கிட்டால்தான் காப்பகம் மூச்சுவிடும். 24 பேருக்கு 108 ச.மீ. ஆகிறது.

கழிப்பறை 20 பேருக்கு ஒன்று என்பது அதே தர அளவு. 24 பேர் என்றால் இரண்டு. குழந்தைகள் இருக்கும் இடத்தில் மூன்றாவதாகத் தாழ்வான ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். உள்தாழ்ப்பாளும், போகும் வழியில் இரவு முழுக்க விளக்கும் கட்டாயம். விளக்கு இல்லாவிட்டால் பெண்களும் குழந்தைகளும் இரவில் போக அஞ்சி அடக்கிக்கொள்வார்கள். தண்ணீர் ஒருவருக்கு நாளுக்கு 15 லிட்டர் என்பதும் அடிமட்ட அளவுதான். குழந்தைத் துணி துவைப்பதற்கு அது போதாது.

பெரிய கூடத்தில் வரிசையாகப் படுக்கை போடுவது மலிவு. ஆனால் அதில் ஒரு சிக்கல் வருகிறது. பெண்கள் தங்கும் பொதுக்கூடத்தில் 12, 13 வயதுப் பையன்களைச் சேர்க்க முடியாது என்று விதி போட வேண்டியிருக்கும். தாய் ஒரு காப்பகத்திலும் மகன் இன்னொன்றிலும் தங்க நேரும். சில தாய்மார்கள் மகனைப் பிரிய மனமில்லாமல் தெருவிலேயே இருந்துவிடுவார்கள். தந்தையோடு மட்டும் வரும் குழந்தைகளுக்கும் இதே கதிதான். உள்ளிருந்து பூட்டக்கூடிய சிறு அறைகளாகத் தடுத்துவிட்டால் இந்த விதியே தேவைப்படாது. முழுச் சுவர் எழுப்பப் பணமில்லை என்றால் கூரை வரை எட்டும் பலகைத் தடுப்பும் கதவும் போதும். துணித் திரை போதாது. தடுப்பு போடும்போது வெளியேறும் வழி இரண்டாவது இருக்கிறதா, புகை எச்சரிக்கைக் கருவி ஒவ்வொரு அறையிலும் இருக்கிறதா என்று தீயணைப்புத் துறையிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைகளுக்காகச் சரிபார்க்க வேண்டிய அளவுகள்: தொட்டில் கம்பிகளின் இடைவெளி 6 செ.மீ.-க்கு மேல் இருக்கக் கூடாது. மாடிக் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியும் சன்னல் திறக்கும் அகலமும் 10 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும். குழாயில் வரும் வெந்நீர் 49 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சன்னல் திரைக் கயிறு கைக்கு எட்டும்படி தொங்கக் கூடாது. பொத்தான் வடிவ பேட்டரி உள்ள நன்கொடைப் பொம்மைகளில் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்படவில்லை என்றால் அந்தப் பொம்மையைக் கழித்துவிடுங்கள். குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

3. முதல் இரவு

பத்துப் பக்கப் படிவத்தை முதல் இரவில் நீட்டாதீர்கள். சோர்ந்து வந்தவர் பயத்தில் ஏதோ ஒன்றைச் சொல்வார். அந்தத் தவறான தகவல் பிறகு எல்லாத் தாள்களிலும் ஏறிவிடும். அன்று தெரிய வேண்டியவை ஐந்துதான்: யார் யார் வந்திருக்கிறார்கள், யாருக்காவது உடம்பு சரியில்லையா, தினமும் சாப்பிடும் மருந்து கையில் இருக்கிறதா, ஒவ்வாமை எதற்காவது உண்டா, யாராவது இவர்களைத் தேடி வருவார்களா.

கைக்குழந்தையால் குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாவிட்டால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியானால், வலிப்பு வந்திருந்தால், மந்தமாக நினைவின்றிக் கிடந்தால் பதிவு, படுக்கை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. காலை வரை பொறுக்கக் கூடாது.

கைக்குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டும். மெத்தை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும், மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும், தலையணையோ மென்பொம்மையோ தளர்வான போர்வையோ அருகில் இருக்கக் கூடாது. களைத்துப்போன பெற்றோர் குழந்தையை அணைத்தபடி சோபாவில் உறங்கிவிடுவது மிக ஆபத்தானது. தொட்டில் தயாராக இல்லாத அறையைக் கைக்குழந்தையோடு வந்த குடும்பத்துக்குத் தராதீர்கள்.

தாய்ப்பால் கொடுப்பவருக்குக் கதவுள்ள ஓர் இடம் கொடுங்கள். கேட்காமலே பால்மாவு டப்பாவைக் கையில் திணிப்பது உதவி அல்ல. பால் சுரப்பு குறையும், டப்பா தீர்ந்ததும் குடும்பம் தவிக்கும். ஏற்கெனவே பால்மாவு குடிக்கும் குழந்தைக்கு, கொதித்து ஆறத் தொடங்கிய, 70 டிகிரிக்குக் குறையாத நீரில் கலக்க வேண்டும். மாவிலேயே கிருமி இருக்கக்கூடும் என்பதுதான் காரணம். உடம்புச்சூட்டுக்கு ஆறவைத்துக் கொடுங்கள். கலந்து இரண்டு மணி நேரத்தில் குடிக்காததைக் கொட்டிவிடுங்கள்.

4. குழந்தைப் பராமரிப்பு அறை

உங்கள் இடத்தில் சட்டப்படி அளவு இருந்தால் அதைப் பின்பற்றுங்கள். இல்லாவிட்டால் இங்கிலாந்தின் விதிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இடம்: 2 வயதுக்குக் கீழ் குழந்தைக்கு 3.5 ச.மீ., 2 வயதுக்கு 2.5, 3 முதல் 5 வயதுக்கு 2.3. ஆள்: 2 வயதுக்குக் கீழ் 3 குழந்தைகளுக்கு ஒருவர், 2 வயதுக் குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர், 3 வயதுக்கு மேல் 8 பேருக்கு ஒருவர்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 குழந்தைகள்: கைக்குழந்தைகள் 3, இரண்டு வயதுக்காரர்கள் 3, பெரியவர்கள் 4. இடம் 10.5 + 7.5 + 9.2 = 27.2 ச.மீ. ஆள் மூவர். ஆனால் மூவரை மட்டும் வைத்துக்கொண்டால் ஒருவர் கழிப்பறைக்குப் போகும்போதே விகிதம் உடைந்துவிடும். நான்காவதாக மாற்றாள் ஒருவர் வேண்டும். இங்கேதான் பணத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது விடுப்பு எடுத்தால் அறையையே மூட வேண்டிவரும், பெற்றோரும் அன்றைய வேலையை இழப்பார்கள். வாரம் இரண்டு நாள் திடீரென மூடப்படும் பராமரிப்பை நம்பி யாரும் வேலையில் சேர மாட்டார்கள். ஐந்து குழந்தைகளை மட்டும் எடுத்துக்கொண்டு தினமும் தவறாமல் திறந்திருப்பது மேல்.

நேரத்தை அலுவலக நேரத்தோடு பொருத்தாதீர்கள். வேலை தொடங்கும் நேரத்தில் அறையைத் திறந்தால் பயணத்துக்கு நேரம் எங்கே? ஒரு மணி நேரம் முன்பு திறந்து, வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மூடுங்கள். வந்திருக்கும் பெற்றோரில் எத்தனை பேர் துப்புரவு, உணவகம், காவல் போன்ற அதிகாலை, இரவு வேலைகளில் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். மொத்த இடங்களில் இரண்டை எப்போதும் காலியாக வையுங்கள். ‘நாளைக் காலை பத்து மணிக்கு வந்து வீட்டைப் பாருங்கள்’ என்று அழைப்பு வந்தவருக்கு அந்த இடம் உதவும்.

பாதுகாப்பில் தளர்வே கூடாது. குழந்தைகளுக்குத் தீங்கு செய்ய நினைப்பவர்கள், பெற்றோர் களைத்தும் ஆள் குறைந்தும் இருக்கும் இடங்களைத் தேடித்தான் வருவார்கள். தன்னார்வலர் உட்பட எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பும், நேரில் பேசி உறுதிசெய்த இரண்டு பரிந்துரைகளும் வேண்டும். சான்று வரும்வரை குழந்தைகளோடு தனியே விடக் கூடாது. எந்தப் பெரியவரும் பிறர் கண்ணில் படாத இடத்தில் ஒரு குழந்தையோடு தனித்திருக்கக் கூடாது. கதவில் கண்ணாடி இருக்கட்டும். அணையாடை மாற்றும் இடம் திறந்த மூலையில் இருக்கட்டும். குழந்தையை யார் யார் அழைத்துப் போகலாம் என்பதைப் பெற்றோர் கையெழுத்தோடு புகைப்படத்துடன் பதிவேட்டில் வைத்து, வந்த நேரமும் போன நேரமும் எழுதுங்கள். ‘நான் மாமா’ என்று சொல்லி வருபவர் பதிவேட்டில் இல்லை என்றால் குழந்தை போகாது. புகார் சொல்வதற்கு, காப்பகத்துக்கு வெளியே உள்ள ஒருவரின் எண்ணைக் குழந்தைகளின் கண்ணுயரத்தில் ஒட்டுங்கள்.

இனி குழந்தைகளின் நடத்தை. வீடிழந்து வந்த குழந்தையிடம் மூன்று மாற்றங்களை அடிக்கடி பார்க்கலாம். விட்டிருந்த படுக்கை நனைப்பு திரும்ப வரும். உணவை ஒளித்துவைக்கும். தாய் கண்ணை விட்டு மறைந்தால் அலறும். மூன்றுமே பயத்தின் விளைவு, அடங்காமை அல்ல. எல்லா மெத்தைக்கும் நீர்புகா உறை போட்டு, மாற்று விரிப்பை யாரையும் எழுப்பிக் கேட்காமல் எடுக்கும்படி வழியிலேயே வையுங்கள். உணவை ஒளிக்கும் குழந்தைக்கு மூடியுள்ள தன் பெயரிட்ட டப்பா ஒன்றைக் கொடுத்து, கெட்டுப்போகாத தின்பண்டத்தைப் போட்டுவையுங்கள். டப்பா காலியாவதில்லை என்று தெரிந்த பிறகு ஒளிப்பது தானாகவே குறையும். பிரியாத குழந்தையை முதல் நாளே முழுநேரம் விடச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாள் தாய் கூடவே ஒரு மணி நேரம், அடுத்த இரண்டு நாள் அவர் அடுத்த அறையில், பிறகு அரை நாள். ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று ஏமாற்றி நழுவுவது மட்டும் வேண்டாம். அடுத்த நாள் அறை வாசலிலேயே அழுகை தொடங்கிவிடும்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு, இயன்றவரை பழைய பள்ளியே தொடரட்டும். போக்குவரத்துச் செலவு கூடினாலும் தகும், அவர்களிடம் மாறாமல் மிஞ்சியிருப்பது அந்தப் பள்ளி ஒன்றுதான். முகவரி கேட்கும் இடங்களுக்குக் கொடுக்கும் கடிதத்தில் ‘காப்பகம்’ என்ற பெயர் வேண்டாம், தெருவும் கதவெண்ணும் போதும்.

5. நோய் பரவாமல்

ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் என்றால் வயிற்றுப்போக்கும் சொறிசிரங்கும் என்றாவது வரும். வந்த அன்று என்ன செய்வது என்று முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தை, அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பராமரிப்பு அறைக்கு வரக் கூடாது. பெற்றோர் வேலைக்குப் போக வேண்டும் என்று இதில் விட்டுக்கொடுத்தால் அடுத்த வாரம் பத்துப் பெற்றோர் வேலைக்குப் போக முடியாது. உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையிருப்பில் இருக்கட்டும். இல்லாத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி அளந்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் தீங்கு, அளவைக் கண்மதிப்பில் விடாதீர்கள். கைகழுவச் சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி, வயிற்றுப்போக்கு பரப்பும் நோரோ வைரஸிடம் ஆல்கஹால் கைத்திரவம் அவ்வளவாகப் பலிக்காது.

கிருமிநீக்கத்துக்கு 5 சதவீத பிளீச் திரவம் வாங்கினால், ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்தால் 0.1 சதவீதம்: தரை, கைப்பிடிகளுக்கு. ஒரு பங்குக்கு 9 பங்கு நீர் என்றால் 0.5 சதவீதம்: வாந்தி, மலம், இரத்தம் பட்ட இடத்துக்கு. முதலில் சோப்பு போட்டு அழுக்கை எடுத்துவிட வேண்டும், அழுக்கின் மேல் ஊற்றினால் பிளீச் வீரியம் இழந்துவிடும். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும், இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

சொறிசிரங்கில் நடக்கும் வழக்கமான தவறு, அரிப்பு உள்ளவருக்கு மட்டும் மருந்து போடுவது. முதன்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கச் சில வாரம் ஆகும், அதற்குள் பரப்பிக்கொண்டிருப்பார். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் பூச்சைக் குடும்பத்தில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். அதே நாளில் துணிகளை 60 டிகிரி நீரில் துவைக்க வேண்டும், முடியாதவற்றைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்க வேண்டும். மறுசுற்று மருந்தையும் மறக்கக் கூடாது. தட்டம்மை சந்தேகம் என்றால் உடனே சுகாதாரத் துறைக்குச் சொல்லுங்கள். தடிப்பு தோன்றிய நாலு நாள் வரை தொற்றும் என்பதால் தனியறை வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்துபோன குழந்தைகளை வந்த முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் காட்டிவிட்டால் இந்த அவதி குறையும்.

6. வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள்

‘அவங்க அங்க இருக்காங்களா?’ என்று யார் கேட்டாலும், காவல்துறை என்று சொல்லிக் கேட்டாலும், தொலைபேசியில் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. ‘இங்கே தங்குபவர்கள் பற்றி எதுவும் சொல்வதில்லை’ என்பது எல்லா அழைப்புக்கும் ஒரே பதில். இல்லாதவரைப் பற்றி மட்டும் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், மௌனமே ‘ஆம்’ ஆகிவிடும்.

கைப்பேசியில் இருப்பிடப் பகிர்வை அணைத்தால் மட்டும் போதாது. குடும்பத்துக்குப் பொதுவான மின்னஞ்சல் கணக்கு, குழந்தையின் டேப்லெட், பைக்குள் ஒளித்துவைத்த, இருப்பிடம் காட்டும் சிறு கருவி வழியாகவும் இடம் தெரிந்துவிடும். மிரட்டல் செய்திகளை அழிக்கும் முன் படம் பிடித்துவைக்கச் சொல்லுங்கள், வழக்குக்குத் தேவைப்படும். தாய், தந்தை இருவரில் இங்கே இல்லாதவருக்கும் குழந்தை மீது சட்ட உரிமை இருக்கலாம் என்பதால், குழந்தையைத் தர மறுப்பதைக் காப்பகம் தன்னிச்சையாக முடிவு செய்யக் கூடாது. பாதுகாப்பு உத்தரவுக்கு முதல் நாட்களிலேயே வழக்கறிஞர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

7. விதிகள் எத்தனை

ஒரு பக்கத்துக்குள் முடித்துவிடுங்கள். குழந்தையை ஊழியர் அதட்டுவது, பெற்றோரை எல்லோர் முன்னும் கண்டிப்பது இரண்டும் கூடாது. பெற்றோரின் அதிகாரம் குழந்தை கண்முன் சரிந்தால் அதைத் திரும்பக் கட்டுவது கடினம். இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு என்று வைத்தால் இரவுப்பணிக்காரர் வேலையை விடுவார். பகலில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்ற விதி, குழந்தைகள் இருக்கும் காப்பகத்துக்கு ஆகவே ஆகாது.

8. வாடகை வீட்டுக்கு

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தாள் எழுதுங்கள்: வருமானம், பாக்கி, கையிலுள்ள அடையாள ஆவணங்கள், தொலைந்தவை, பள்ளி இருக்குமிடம், வேலையிடம். தொலைந்த பிறப்புச் சான்று கிடைக்க வாரக்கணக்காகலாம், அந்த விண்ணப்பம்தான் முதலில் போக வேண்டும். அசல்களைக் காப்பகம் வாங்கிவைத்துக்கொள்ளக் கூடாது, நகல் போதும்.

வாடகை வருமானத்தில் சுமார் 30 சதவீதத்துக்குள் அடங்குவது நல்லது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. பாதி வருமானத்தை விழுங்கும் வீடு என்றால், ஒரு மாத வருமானம் நின்றால் என்ன செய்வது என்பதற்கும் திட்டம் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

‘முதலில் குடி நிறுத்தட்டும், வேலை தேடட்டும், அப்புறம் வீடு’ என்று படிப்படியாக ஏற்றிவிடும் முறை பலரை நடுப்படியிலேயே நிறுத்திவிடுகிறது. 1992-ல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் தொடங்கிய ‘முதலில் வீடு’ முறை இதைத் தலைகீழாக்கியது: வீட்டை நிபந்தனையில்லாமல் கொடு, உதவியை அந்த வீட்டிலேயே தொடர். பின்லாந்து 2008 முதல் இதைத் தேசியக் கொள்கையாக எடுத்துக்கொண்டு, பல காப்பகங்களையே வாடகை ஒப்பந்தம் உள்ள குடியிருப்புகளாக மாற்றியது. சிறு காப்பகத்தால் கட்டடம் கட்ட முடியாது. ஆனால் நல்ல நடத்தைக்குப் பரிசாக வீட்டைத் தள்ளிப்போடாமல் இருக்க முடியும்.

உரிமையாளரிடம் போகும்போது இரக்கத்தை எதிர்பார்த்துப் பேசாதீர்கள். அவருக்கு இரண்டு கவலைதான்: வாடகை வருமா, பிரச்சினை வந்தால் யாரைக் கூப்பிடுவது. முன்பணத்துக்கு யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கொடுங்கள், அழைத்தால் எடுக்கும் ஒரே ஒரு எண்ணைக் கொடுங்கள். குடியேறும் முன் சுவர், குழாய், தரையைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள், முன்பணத்தைத் திரும்பப் பெற அது உதவும்.

வீடு கிடைத்த பின் முதல் மூன்று மாதம்தான் கவனிக்க வேண்டிய காலம். மெத்தையும் அடுப்பும் இல்லாத வெறும் வீட்டில் முதல் இரவே மனம் உடைந்துவிடும், ஆகவே சாவி வாங்கும் அன்றே படுக்கை, பாத்திரம், விளக்கு போய்ச் சேர வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, குடும்பம் வெளியேறிய அன்றே குழந்தையின் பராமரிப்பு இடத்தையும் நிறுத்துவது. பராமரிப்பு நின்றால் வேலை போகும், வேலை போனால் வாடகை நிற்கும், அதே குடும்பம் மறுபடி உங்கள் வாசலில். புதிய வீட்டுக்கு அருகில் வேறு பராமரிப்பு உறுதியாகும்வரை, குறைந்தது மூன்று மாதம், அந்த இடம் அந்தக் குழந்தைக்கே இருக்கட்டும். முதல் மாதம் வாரம் ஒருமுறையும் அதற்குப் பின் மாதம் ஒருமுறையும் அழைக்க வேண்டிய தேதிகளைப் பதிவேட்டில் அன்றே குறித்துவிடுங்கள். அழைக்கும்போது வாடகை கட்டியாயிற்றா என்பதோடு, குழந்தை இன்று எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.